சிறிய ரிவால்வர் வாங்கப் போகிறேன்: எடை குறைந்ததே நல்லதா?

கேள்வி: ஐயா, ஹூஸ்டன் பக்கம் பெட்ரோல் நிலையத்தோடு சேர்ந்த சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். வயது 46. கிரீன் கார்டு இருக்கிறது. இரவு 11 மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அன்றைய வசூலோடு தனியாகக் காருக்கு நடப்பேன். போன மாதம் பக்கத்துக் கடைக்காரரை மடக்கிப் பணத்தைப் பறித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து மனைவிக்குத் தூக்கமில்லை. துப்பாக்கிக் கடையில் 12 அவுன்ஸ்கூட இல்லாத ஐந்து தோட்டா ரிவால்வர் ஒன்றைக் காட்டி, "சட்டைப்பையில் இருப்பதே தெரியாது, .357 மேக்னமும் சுடலாம்" என்றார்கள். வாங்கலாமா? புதிதாக வாங்கியதை எத்தனை தோட்டா சுட்டுப் பழக்க வேண்டும்? சுட இழுக்கும் விசை மிகவும் கடினமாக இருக்கிறது, ஸ்பிரிங்கை மாற்றலாமா? வீட்டில் 9, 14 வயதில் இரண்டு பிள்ளைகள். எச்1பி விசாவில் இருக்கும் மைத்துனர் எங்களோடுதான் தங்கியிருக்கிறார், கடையிலும் உதவுவார். அவசரத்துக்கு அவரும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? டிசம்பரில் குடும்பத்தோடு சென்னை போகிறோம், அதற்குள் வாங்கிவிட நினைக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மைத்துனரைப் பற்றி ஒரு வரியில் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை அவருக்குப் பொருந்துமா என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும், கடைக்காரரிடமோ என்னிடமோ அல்ல. வைத்திருப்பது என்றால் கையில் பிடித்திருப்பது மட்டுமல்ல. எடுக்க வேண்டும் என்று நினைத்தால் எடுக்கக்கூடிய நிலையில் இருப்பதையும் சட்டம் அப்படியே பார்க்கக்கூடும். இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டு வரை சிறை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றவரை நாடு கடத்தவும் சட்டம் இடம் தருகிறது, அது கிரீன் கார்டு உள்ளவருக்கும் பொருந்தும். நல்ல எண்ணத்தோடு "இந்தா, வைத்துக்கொள்" என்று நீங்கள் நீட்டும் ஒரு நொடியில் அவருடைய பத்தாண்டு உழைப்பு போய்விடும்.

ஆகவே கடையின் கல்லாப்பெட்டிக்கு அடியில் பொதுவாக ஒரு துப்பாக்கி என்ற ஏற்பாடே வேண்டாம். அது உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எண் பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். எண் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். பிள்ளைகளுக்கும் இதே பெட்டிதான் பதில். 17 வயதுக்குட்பட்ட பிள்ளை, சுடக்கூடிய நிலையில் இருக்கும் துப்பாக்கியை எடுக்கும்படி அசட்டையாக விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம். அலமாரியின் மேல்தட்டு, மெத்தைக்கு அடி, புடவைக்கட்டுக்குப் பின்னால் எல்லாம் ஒளித்துவைப்பதாக நாம் நினைத்துக்கொள்ளும் இடங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வீட்டில் தெரியாத மூலை கிடையாது.

இனி ரிவால்வருக்கு வருகிறேன். அவர்கள் காட்டியதை வாங்காதீர்கள்.

பதினாறு ஆண்டுகளாகத் துப்பாக்கி பழுதுபார்த்தும், புதியவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். என்னிடம் விற்றுத்தரச் சொல்லி வரும் கைத்துப்பாக்கிகளில் பாதி சுட்டது போலவே இராத, பளபளப்பான, மிக இலகுவான ரிவால்வர்கள். கதை எல்லோருக்கும் ஒன்றுதான். கடையில் கையில் எடுத்ததும் பூ மாதிரி இருந்தது, வாங்கினார்கள். பயிற்சிக் கூடத்தில் ஐந்து தோட்டா சுட்டார்கள், உள்ளங்கை எரிந்தது. அதன்பின் அது மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. தோட்டாவின் வலு ஒன்றாக இருக்கும்போது துப்பாக்கியின் எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கூடும். 340 கிராம் துப்பாக்கியில் .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடுவது, வெறுங்கையில் பிடித்த இரும்புக் கம்பியை யாரோ சுத்தியலால் அடிப்பது போலிருக்கும். நானே தொடக்கத்தில் அப்படி ஒன்றை வாங்கினேன். முதல் நாளில் கட்டைவிரல் மூட்டுத் தோல் கிழிந்தது. அதைவிட மோசமானது, நான்காவது சுடுதலுக்குப் பிறகு விசை அசையவே இல்லை. திறக்கவும் முடியவில்லை. மரச்சுத்தியலால் தட்டித் திறந்து பார்த்தபோது, சுடப்படாமல் மிச்சமிருந்த தோட்டாவின் ஈயக்குண்டு அதன் கூட்டிலிருந்து முன்னால் நகர்ந்து வெளியே நீட்டிக்கொண்டு, தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டர் சுற்ற வழியில்லாமல் குறுக்கே நின்றது. பின்னுதைப்பின் உலுக்கலில் கூடு பின்னால் போக, குண்டு இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. மிக இலகுவான ரிவால்வர்களுக்கே உரிய நோய் இது. தெருவில் அது நடந்திருந்தால் என் கையில் இருந்தது வெறும் உலோகக் கட்டி.

இந்த வகை ரிவால்வரின் கதை நீளமானது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950இல் ஐந்து தோட்டா கொள்ளும் சிறிய சட்டகத்தைக் கொண்டுவந்தது. தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியல் வெளியே தெரியாமல் உள்ளே மறைந்திருக்கும் வடிவம் 1952இல், நிறுவனத்தின் நூற்றாண்டை ஒட்டி வந்தது. உங்களுக்குத் தேவை அந்த மறைந்த சுத்தியல் வடிவம்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல் முனை, எடுக்கும் அவசரத்தில் சட்டைத் துணியில் மாட்டும்.

அதிலே இன்று மூன்றைச் சொல்வேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642: அலுமினியச் சட்டகம், ஏறக்குறைய 15 அவுன்ஸ், அதாவது 420 கிராம் சொச்சம், .357 மேக்னத்தைவிட மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டா. ரூகர் எல்சிஆர்: 2009இல் வந்தது, 13.5 அவுன்ஸ், விசை சற்று வழுக்கலாக இழுபடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 640: முழுக்க எஃகு, 22 அவுன்ஸ், 630 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இது .357 மேக்னமும் ஏற்கும், அதில் .38 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம். நீங்கள் கோட்டு சூட்டு போடும் வேலையில் இல்லை. பெல்ட் கட்டி, சட்டையை வெளியே விட்டு, நாள் முழுவதும் கல்லாவில் நிற்பவர். பெல்ட்டில் மாட்டும் உறையில் 630 கிராம் உங்களுக்குச் சுமையே அல்ல. எஃகுத் துப்பாக்கியை வாங்கி .38 ஸ்பெஷல் மட்டும் போடுங்கள். விலை கொஞ்சம் கூடும். ஆனால் வலிக்காத துப்பாக்கியைத்தான் மனிதன் எடுத்துப் பழகுகிறான். பேன்ட் பையில்தான் வைப்பேன் என்று நீங்கள் உறுதியாக இருந்தால் 642 அல்லது எல்சிஆர். அவற்றுக்குக் கீழே எடையில் இறங்க வேண்டாம்.

கடையில் ஒரே மாடலில் இரண்டு மூன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புதிது என்பதற்காக எல்லாம் ஒன்றாக இருக்காது. முதலில் சிலிண்டரைத் திறந்து தோட்டா போடும் ஐந்து அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலால் தொட்டுப் பாருங்கள். விற்பவர் உங்கள் கண்ணெதிரே பார்த்திருந்தாலும் நீங்களும் பார்க்க வேண்டும். தோட்டா இல்லாமல் விசையை இழுக்க அனுமதி கேளுங்கள். இடது கட்டைவிரலைச் சிலிண்டரின் பக்கத்தில் மிக இலேசாக, சுற்றுவதைச் சற்றே தடுக்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு, விசையை எறும்பு ஊர்வது போல மெதுவாக இழுங்கள். சிலிண்டர் சுற்றி வந்து 'டிக்' என்று பூட்டிக்கொள்வது விரலுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் உள்ளே சுத்தியல் விழும் சத்தம் கேட்க வேண்டும். பூட்டுவதற்கு முன்னே சுத்தியல் விழுந்தால் அந்த அறை குழலுக்கு நேரே வந்து சேரவில்லை என்று பொருள். ஐந்து அறைக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள். நான்கு சரியாக இருந்து ஒன்று தவறினாலும் கீழே வைத்துவிடுங்கள்.

பிறகு சிலிண்டருக்கும் குழலின் பின்விளிம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய ஒரே கோடாகத் தெரிய வேண்டும். நாம் அச்சடிக்கும் சாதாரணத் தாள் ஒன்றின் கனம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு. ஒரு தாளுக்கு இடமிருக்க வேண்டும், மூன்று தாள் நுழைந்தால் இடைவெளி அதிகம். ஒரு தாளும் நுழையாத அளவுக்கு நெருக்கமாக இருந்தால், சுட்டுச் சூடானதும் கரிப் படிவில் உரசி நிற்கும். குழல் நேராகத் திருகப்பட்டிருக்கிறதா என்பதற்குப் பின்னாலிருந்து, குறிபார்க்கக் குழல் நுனியில் நிற்கும் முன்குறியைப் பாருங்கள், அது செங்குத்தாக நிற்க வேண்டும். பழைய துப்பாக்கி என்றால் பக்கத் தகட்டின் திருகுகளை உற்றுப் பாருங்கள். திருகின் வெட்டு நசுங்கியிருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள்.

திரைப்படத்தில் வருவது போல மணிக்கட்டை வெட்டி இழுத்துச் சிலிண்டரை 'சடக்' என்று மூடாதீர்கள். சிலிண்டரைத் துப்பாக்கியோடு பிணைத்துத் தாங்கும் தண்டு வளையும், வளைந்தால் மேலே சொன்ன அத்தனை அளவும் கெடும். அப்படி மூடியவரின் துப்பாக்கியைச் சரிசெய்து நான் கூலி வாங்கியிருக்கிறேன். கட்டைவிரலால் தள்ளி மூடினால் போதும்.

படிவ வேலை சிக்கலானதல்ல. கடையில் நிரப்பும் 4473 எண் கொண்ட படிவத்தில் உங்கள் கிரீன் கார்டிலுள்ள எண்ணையும் எழுத வேண்டும். பின்புலச் சரிபார்ப்பு சில நிமிடத்திலும் முடியலாம், சில நாள் தள்ளியும் போகலாம். யாருக்காக வாங்குகிறீர்கள் என்ற கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். அதில் பொய் சொல்வது தனிக் குற்றம். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் உரிமம் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம் என்பது உண்மைதான். இருந்தாலும் உரிமத்துக்கான வகுப்புக்குப் போங்கள். சட்டத்தை முறையாகச் சொல்லித்தருவார்கள், 3, 7, 15 கஜ தூரங்களில் 50 தோட்டா சுட வைத்துத் தேர்வு வைப்பார்கள். பிள்ளைகளை விடவும் கூட்டிவரவும் பள்ளிக்குப் போகிறவர் நீங்கள். துப்பாக்கியோடு எங்கே போகலாம், எங்கே கூடாது என்பதைச் செவிவழியாகத் தெரிந்துகொண்டால் போதாது.

எத்தனை தோட்டா சுட்டுப் பழக்க வேண்டும் என்று கேட்டீர்கள். புதுச் செருப்பு கடிப்பது போலப் புது ரிவால்வரும் முதலில் முரண்டு பிடிக்கும். உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசும் இடங்கள் தேயத் தேய விசை வழவழப்பாகும். அந்தத் தேய்மானத்துக்குத் தோட்டா தேவையில்லை. வெறுமனே இழுத்தாலே தேயும், கூடவே உங்கள் விரலும் தேறும். வாங்கி வந்ததும் தொழிற்சாலையில் பூசிய எண்ணெயைத் துடைத்துவிட்டு மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். போலித் தோட்டா ஐந்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மாதம் முழுவதும் நாளுக்கு நாற்பது ஐம்பது முறை இழுங்கள். ஆயிரத்தைத் தாண்டும்போது கையில் வேறு துப்பாக்கி இருப்பது போலத் தோன்றும்.

இதில் ஒரு கண்டிப்பு. நீங்கள் வீட்டில் எந்த அறையில் பயிற்சி செய்கிறீர்களோ அங்கே உண்மைத் தோட்டா இருக்கவே கூடாது. அடுத்த அறையில் பூட்டிவைத்துவிட்டு வந்து, சிலிண்டரை இரண்டு முறை பார்த்து, செங்கல் சுவர் போல் குண்டை நிறுத்தக்கூடிய பக்கமாகத் திரும்பி நின்று செய்யுங்கள். அமெரிக்க வீட்டின் உள்சுவர் வெறும் அட்டை, அதற்கு அப்பால் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். பயிற்சி முடிந்து தோட்டா நிரப்பிய பிறகு "இன்னும் ஒரே ஒரு முறை" என்று இழுப்பதில்தான் வீடுகளில் விபத்து நடக்கிறது. நிரப்பியதும் "இன்றைக்கு முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன் என் மாணவர்களிடம். சொன்ன வாய்க்குக் கை கட்டுப்படும்.

விசை ஏன் இவ்வளவு கடினம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 642இன் விசையை இழுக்க ஏறக்குறைய 12 பவுண்டு இழுப்பு வேண்டும். துப்பாக்கியின் எடையோ ஒரு பவுண்டுகூட இல்லை. தன் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு இழுப்பைத் தாங்கிக்கொண்டு அது எப்படி அசையாமல் நிற்கும்? விரல் இழுக்கும்போது மற்ற விரல்களும் சேர்ந்து இறுக்கும், முன்குறி இடப்பக்கம் சாயும். ஆகவே விரல்நுனியால் இழுக்காமல் முதல் மூட்டு மடிப்பு விசையில் படும்படி வையுங்கள். பிடியை எவ்வளவு மேலே பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே பிடியுங்கள். நடுவில் நிறுத்தி நிறுத்தி இழுக்காமல் ஒரே சீராக உருட்டுங்கள். கண் முன்குறியைவிட்டு அகலக் கூடாது. உங்கள் இடது கட்டைவிரல் சிலிண்டரைத் தாண்டி முன்னால் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுடும்போது அந்த இடைவெளியிலிருந்து சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும்.

ஸ்பிரிங்கை மாற்றாதீர்கள். இலகுவான ஸ்பிரிங் போட்டால் சுத்தியல் அடியும் இலகுவாகும். ஏதோ ஒரு தோட்டாவின் பிரைமர், அதாவது அடிபட்டதும் தீப்பற்றும் அடிமூடி, சற்றுத் தடிப்பாக இருந்தால் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். போட்டியில் சுடுபவர் அதைத் தாங்கிக்கொள்ளலாம். இருட்டில் தனியாக நிற்பவருக்கு அது கூடாது. இந்த வேலையைச் செய்து சம்பாதிக்கிறவன் நான், ஆனாலும் உயிர்காக்கும் துப்பாக்கியில் செய்ய மாட்டேன் என்று ஆட்களைத் திருப்பி அனுப்புகிறேன்.

பயிற்சிக் கூடத்தில் முதல் நாள் 50 தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 148 கிரெயின் (குண்டின் எடை அளவு) வாட்கட்டர் என்று கேளுங்கள். முகம் தட்டையான ஈயக்குண்டு, உதைப்பு மென்மை, காகிதத்தில் பஞ்ச் மெஷினால் குத்தியது போல வட்டமாக ஓட்டை விழும். இலக்கு மூன்று கஜத்தில் இருக்கட்டும். ஐந்து தோட்டாவும் ஓர் உள்ளங்கைக்குள் விழும்வரை தூரத்தைக் கூட்டாதீர்கள். இடையிடையே ஒன்றிரண்டு போலித் தோட்டாவை, எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கலந்து போடுங்கள். வெடிக்காத இடத்தில் துப்பாக்கியின் மூக்கு கீழே குனிந்தால், வெடிச்சத்தத்தை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே பயப்படுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். வலியோடு இருநூறு சுட்டால் கை கற்றுக்கொள்வது அந்தப் பயத்தை மட்டும்தான்.

நான்கு தடவை போனால் 200 ஆகிவிடும். அதற்குள் ஒரு தோட்டாகூட வெடிக்காமல் நின்றிருக்கக் கூடாது. நின்றிருந்தால் துப்பாக்கியைத் தயாரித்தவருக்கே அனுப்புங்கள். பிறகு, நீங்கள் அன்றாடம் போட்டுக்கொள்ளப் போகும் தற்காப்புத் தோட்டாவில் ஒரு 25 சுடுங்கள். குட்டைக் குழலுக்கென்றே செய்த ஸ்பீர் கோல்டு டாட் 135 கிரெயின் பிளஸ் பி, அதாவது அழுத்தம் கூடிய தோட்டா, நல்லது. அது கைக்குக் கடுமையாக இருந்தால் வாட்கட்டரையே போட்டுக்கொள்ளுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். எதுவானாலும் எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராதிருக்க ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்தில் ஒன்றின் அடிப்பாகத்தில் பேனாவால் குறியிட்டு, மற்ற நான்கையும் சுட்டுவிட்டு, குறியிட்டதை வெளியே எடுத்துப் புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். மயிரிழை உயர்ந்திருந்தாலும் அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது.

வெற்றுக் கூடுகளைத் தள்ளும்போது குழல் வானம் பார்க்க நிமிர்த்திப் பிடித்து, கூடுகளை வெளியேற்றும் கம்பியை உள்ளங்கையால் ஒரே தட்டாகத் தட்டுங்கள். கீழ்நோக்கிப் பிடித்தால் எரியாத வெடிமருந்துத் துணுக்கு, கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடும். சென்ற வாரம் ஒரு மாணவியின் சிலிண்டர் மூடவே மறுத்தது. ஊசிமுனையால் எடுத்துக் காட்டினேன், கடுகில் பாதிகூட இல்லை. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு 50 தோட்டாவுக்கும் அந்தத் தகட்டின் அடியைத் தேய்த்துவிடுங்கள். ஹூஸ்டன் வெயிலில் வியர்வை உப்பு எஃகையும் அரிக்கும். இரவில் கழற்றும்போது ஒரு துணியால் துடைத்து வையுங்கள். பையில் வைப்பதானாலும் உறை கட்டாயம், விசையை முழுதாக மூடும் உறையாக இருக்க வேண்டும். அந்தப் பையில் சாவி, சில்லறை எதுவும் கூடாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள். எவனாவது எதிரே வந்து பணத்தைக் கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். எதிரே நீட்டிய துப்பாக்கியைவிட வேகமாக இடுப்பிலிருந்து எடுக்க யாராலும் முடியாது. பணம் போன பிறகும் உயிரை எடுக்க வருகிறவனுக்காகத்தான் இந்த ஐந்து தோட்டா. 11 மணிக்கு வசூலோடு நடப்பதை விட்டு, மறுநாள் பகலில் வங்கியில் கட்டும்படி கடையிலேயே ஒரு பெட்டகம் பதித்துவிட்டு, காரை வெளிச்சமான வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினால், ரிவால்வர் தரும் தூக்கத்தைவிட உங்கள் மனைவிக்கு அதிகத் தூக்கம் வரும். இரண்டையும் செய்யுங்கள்.

டிசம்பர் பயணத்தைப் பற்றி. பயிற்சிக் கூடத்துக்கென்று தனியாக ஒரு பை வாங்குங்கள், அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். முதுகுப்பையின் மூலையிலோ ஜாக்கெட்டின் உட்பையிலோ உருண்டு கிடந்த ஒற்றைத் தோட்டாவோடு இந்திய விமான நிலையத்தில் பிடிபட்டு, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்கில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். மறந்துவிட்டேன் என்பதை அங்கே போலீசிடமும் பிறகு நீதிமன்றத்திலும் சொல்லித்தான் மீள வேண்டும், விடுமுறை அதிலேயே கரைந்துவிடும். கிளம்புவதற்கு முந்தின நாள், எல்லாப் பைகளையும் சட்டைகளையும் கட்டில்மேல் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிப்பையையும் சேர்த்து.